சிக்மாஸ் கொடுத்த கேள்வி

சோவியத் காலத்தில் எங்கள் லிதுவேனியக் கூட்டுப்பண்ணையில் கேள்விகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கட்சிச் செயலாளர் சிக்மாஸ் எல்லாவற்றையும் அவரே எழுதிவிடுவார். கூட்டத்துக்கு முந்தின நாள் அவற்றைத் துண்டு துண்டாகக் கத்தரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கோழிக்குத் தீவனம் இறைப்பதுபோல் ஊர் முழுக்க இறைத்துவிட்டுப் போவார். தீவனப்புல் இலக்கை எப்படித் தாண்டலாம் என்று பால் கறப்பவளுக்கு ஒன்று, டீசலை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்று டிராக்டர்காரனுக்கு ஒன்று. கூட்டத்தில் எழுந்து வாய் குழறாமல் படித்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பண்ணைக் கடைக்குப் புகைபோட்ட சாசேஜ் வரும் நாளில் வரிசையில் முன்னால் நிற்கலாம். நானும் நின்றிருக்கிறேன். சாசேஜ் நன்றாகவே இருக்கும்.

வெளியிலிருந்து ஒரே ஒரு ஆள் வந்து மேடையில் உட்கார்ந்தாலும் கூட்டம் ரஷ்ய மொழிக்கு மாறிவிடும். கூடம் நிறைய லிதுவேனியர்கள். அந்த ஒருவருக்காக அத்தனை நாக்கும் திரும்பிக்கொள்ளும். அந்த மாதிரி நாட்களுக்குச் சிக்மாஸ் ரஷ்யக் கேள்விகளை எங்கள் எழுத்தில் எழுதித் தருவார், மூச்சு விட வேண்டிய இடத்தில் கோடு போட்டு.

எங்கள் மொழியில் கேள்வி கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. சொல்ல வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் தலையில் 'அர்' என்று ஒரு சின்னச் சொல்லை மாட்டினால் கேள்வியாகிவிடும். குரலைக்கூட உயர்த்த வேண்டாம். பேச ஆரம்பித்த குழந்தைக்கு அது தானாக வந்துவிடும். அப்புறம் பள்ளிக்கூடம், பண்ணை, கூட்டம் என்று போகப் போக மறந்துவிடும், அல்லது மறக்கடித்துவிடுவார்கள்.

என் அப்பாவுக்கு மறக்கவில்லை. பண்ணை உண்டாக்கிய வருடம் வண்டியோடு வந்தவர்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் குதிரை உங்களுக்கு எதுக்கு?" குதிரையோடு அவரையும் கொண்டுபோனார்கள். குதிரை பண்ணைக்குப் போனது, அப்பா சைபீரியாவுக்குப் போனார். அந்தக் குதிரை அதற்குப் பிறகு பல வருடம் பால் வண்டி இழுப்பதைப் பார்த்தேன். அப்பாவைப் பார்க்கவில்லை.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஜூன் மாதம் நான் கூட்டத்தில் எழுந்து நின்றபோது எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வயல்களில் குழி வெட்டிக் களிமண் குழாய் பதித்து ஈரத்தை வடிக்கும் வேலை எங்கள் லியெபினை கிராமத்துக்கும் வந்து சேர்ந்தது. ஈரத்தோடு வீடுகளையும் வடித்துவிடுவார்கள். வயல் நடுவே தனியாக நிற்கும் வீடு, தோட்டம், கிணறு, மரம் எல்லாவற்றையும் இயந்திரம் வழித்துத் தள்ளும். ஆட்களைக் கொண்டுபோய்ப் பண்ணைக் குடியிருப்பில், ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் வெள்ளைச் செங்கல் வீடுகளில் அடைப்பார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த வீடுகள் எல்லாம் அப்படிப் போய்விட்டன. இந்தப் பக்கம் மிஞ்சியது எங்களுடையது ஒன்றுதான்: நான், என் வீட்டுக்காரர் லியூதாஸ், ஒரு மாடு, வரிசையாக நிற்கும் லிண்டன் மரங்கள், அவற்றின் கீழே தேனீப் பெட்டிகள்.

சட்டப்படி யாரையும் விரட்டுவதில்லை. வீட்டுக்காரர்களே ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டார்கள் என்று கூட்டத்தில் படிப்பார்கள். பிறகு "கேள்வி உண்டா?" என்பார்கள். சிக்மாஸ் கொடுத்த கேள்வியைத் தவிர வேறு கேள்வி இருக்காது. மௌனம் சம்மதம். எல்லோரும் கை தூக்குவார்கள், மறுநாள் இயந்திரம் வரும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, பால் ஊற்றும் இடத்தில் நானும் மார்செலேயும் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தோம். மார்செலேயும் நானும் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். இப்போது குடியிருப்பில் இருக்கிறாள். சிக்மாஸ் சைக்கிளில் வந்து இறங்கினார். நகரத்தில் படித்து எங்கள் ஊருக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலில் எப்போதும் சுத்தமான ஷூ போட்டிருப்பார், பண்ணையில் அது லேசான காரியமில்லை.

"அகோதாக்கா, இந்தாங்க உங்க கேள்வி."

"என் கேள்வியா? நான் ஒண்ணும் கேக்கலையே."

"நாளைக்குக் கேப்பீங்க. வெளியூர்லேர்ந்து பொறியாளர் வர்றார். நிதானமாப் படிச்சுப் பழகிக்குங்க. கோடு போட்ட எடத்துல மூச்சு விடுங்க."

"ஏன் தம்பி, தும்மறதுக்கு எதாவது புள்ளி வச்சிருக்கியா?" என்றாள் மார்செலே. "இவளுக்குக் கூட்டம்னாலே தும்மல் வரும்."

நான் துண்டைப் பிரித்தேன். எனக்கு ரஷ்யன் ஓரளவு வரும். அதில் இப்படி இருந்தது: தோழர் பொறியாளர் அவர்களே, குடியிருப்பில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட புதிய வீட்டின் சாவி எப்போது கிடைக்கும்? நானும் என் கணவரும் பழைய வீட்டை விட்டு வர ஆவலோடு காத்திருக்கிறோம்.

ஆவலோடு என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அங்கே அழுத்திப் படிக்க வேண்டுமாம்.

"தம்பி, நாங்க வர்றோம்னு எப்பச் சொன்னோம்?"

"சொன்ன மாதிரிதானே அக்கா."

"யாருகிட்ட?"

சிக்மாஸ் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இது மேல முடிவானது. நான் என்ன பண்ணட்டும்? நீங்க நல்லபடியாப் படிச்சிட்டீங்கன்னா தெக்குப் பக்கம் ஜன்னல் வச்ச வீடு. நான் சொல்லி வாங்கித் தர்றேன். படிக்கலேன்னா வடக்குப் பக்கம், குப்பைமேட்டுப் பக்கத்துல."

அவர் போனதும் மார்செலே என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். படிக்கும்போதே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"உன் குழிய நீயே வெட்டிக்கன்னு மண்வெட்டியையும் கையில குடுத்துட்டானேடி."

வீட்டுக்கு வந்தபோது லியூதாஸ் பெட்டிகளின் பக்கம் நின்றிருந்தார். வாயில்லாத மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தேனீப் பெட்டி முன்னால் அவர் தொப்பியோடு நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் மாடு சாகும், கோழி சாகும், பன்றி சாகும். தேனீ மட்டும் காலமாகும். மனிதருக்குச் சொல்லும் சொல்லைத்தான் அதற்கும் சொல்வோம். பெட்டியருகே கெட்ட வார்த்தை பேசக் கூடாது, பொய் சொல்லக் கூடாது. பேசினால் தேனீக்கள் வீட்டை விட்டுப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டுத் தேனீக்கூட்டம் பிரிந்து பறந்து இன்னொருவர் தோட்டத்தில் போய் உட்கார்ந்தால், அதை யாரும் விலை பேச மாட்டார்கள். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பெண் கொடுத்த வீடும் பெண் எடுத்த வீடும் போல இரண்டு குடும்பமும் சம்பந்தி ஆகிவிடும். முதல் தேனை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் ஏமாற்றக் கூடாது. கூடப் பிறந்தவனை ஏமாற்றியவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. தேனீச் சம்பந்தியை ஏமாற்றியவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

மூன்று கோடைக்கு முன் எங்கள் தேனீக்கூட்டம் ஒன்று பறந்துபோய்ப் பண்ணைத் தலைவர் ரப்போலாஸ் வீட்டு ஆப்பிள் மரத்தில் உட்கார்ந்தது.

ரப்போலாஸ் பெரிய ஆகிருதி, பெரிய குரல். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். உத்தரவுதான். சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் "உப்பு" என்பார். உப்பு இருக்கிறதா என்று கேட்க மாட்டார். சாமி கும்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர் அன்றைக்குத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "ஒங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். ஆகஸ்டில் முதல் தேனோடு வந்தார். வெள்ளரிப் பிஞ்சை நறுக்கித் தேனில் தொட்டு, கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டோம். ஊருக்கே இது தெரியும். நகரத்திலிருந்து வந்த சிக்மாசுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் துண்டை என் கையில் கொடுத்திருக்க மாட்டார்.

லியூதாஸ் துண்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரப்போலாசுக்குத் தெரியுமா இது?"

"தெரியாமயா எழுதிருப்பாங்க?"

"தனியாப் போய்க் கேட்டுப் பாரேன். சம்பந்தியாச்சே."

"தனியாக் கேட்டா தனியாத்தான் பதில் வரும். அந்தப் பதில் நம்ம வேலியத் தாண்டாது. என் வீட்டை எல்லார் முன்னாடியும்ல புடுங்கறாங்க? எல்லார் முன்னாடியும்தான் கேப்பேன்."

அவர் கொஞ்ச நேரம் பெட்டி வாசலில் போய்வந்துகொண்டிருந்த தேனீக்களையே பார்த்தார். "ஒங்க அப்பாவும் கேட்டாரு, அகோதா."

"ஆமா, கேட்டாரு. அவரு பக்கத்துல யாரும் நிக்கல."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

மறுநாள் கூட்டம், காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் நடுவில். மேடையில் சிவப்புத் துணி விரித்த மேசை, தண்ணீர்க் கூஜா, பொறியாளர், ரப்போலாஸ், சிக்மாஸ். பொறியாளர் நல்ல கோட் போட்டவர், சுருக்கமாகப் பேசுகிறவர். சுவரில் மாட்டிய வரைபடத்தில் குச்சியால் காட்டினார். எங்கள் வீடு இருக்கும் இடத்தில் நேராக ஒரு நீலக்கோடு போயிற்று. என் அடுப்பங்கரை வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

ரப்போலாஸ் எழுந்து, வழக்கமான ரஷ்ய மொழியில், யாரையும் பார்க்காமல் படித்தார். "ஓடையின் இக்கரையில் வசிக்கும் குடும்பத்தினரும் தாமாகவே முன்வந்து இடமாற்றம் கோரியுள்ளனர். கேள்விகள் உண்டா?"

சிக்மாஸ் என்னைப் பார்த்து, பாட்டு வாத்தியார் மாதிரிக் கண்ணால் எடுத்துக்கொடுத்தார். நான் எழுந்தேன். துண்டு கையில் இருந்தது. அதை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் மொழியில்தான் ஆரம்பித்தேன். அந்த 'அர்' என் வாயிலிருந்து கூட்டத்தில் வந்தது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி, நாங்க வீட்டை விட்டு வர்றோம்னு நானோ லியூதாசோ ஒங்ககிட்ட எப்பவாவது சொன்னமா?"

தோழர் தலைவர் என்று நான் கூப்பிடவில்லை, சம்பந்தி என்று கூப்பிட்டேன். எல்லோருக்கும் அது கேட்டது.

பொறியாளர் பக்கத்தில் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்: "அந்தப் பெண்மணி என்ன சொல்கிறார்? மனிதர்களுக்குப் புரியும் மொழியில் பேசச் சொல்லுங்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் மார்செலே முந்திக்கொண்டாள், எங்கள் மொழியிலேயே.

"மனுசங்களுக்காம்ல? என் மாட்டுக்கே நான் பேசறது புரியுது. இவருக்குப் புரியலேன்னா அவர மொதல்ல எங்க கொட்டிலுக்கு அனுப்புங்க, கத்துக்கட்டும்."

சிரிப்பு கூடத்தைச் சுற்றி வந்தது. சிக்மாஸ் மேடை ஓரத்துக்கு வந்து, "அக்கா, துண்டு, துண்டு" என்று கிசுகிசுத்தார். ரப்போலாஸ் இன்னும் ரஷ்ய மொழியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கேள்வியை நிகழ்ச்சிநிரலுக்கு ஏற்பக் கேட்கவும்."

"நான் ஒங்களத்தான் கேக்கறேன். நான் பேசறது ஒங்களுக்குப் புரியுதுல்ல?"

அவர் கூஜாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். குடிக்கவில்லை. பிறகு எங்கள் மொழியில், மெதுவாக, "உக்காரு, அகோதா" என்றார்.

"உக்காந்துடறேன். பதிலச் சொல்லுங்க, உக்காந்துடறேன். நான் என்ன சொத்தா கேக்கறேன்? சொன்னமா, சொல்லலையா? ஒரு வார்த்தை."

"அது இங்க பேசற விஷயமில்ல."

"இங்க படிச்சீங்கள்ல? படிக்கலாம், பேசக் கூடாதா?"

"அகோதா!" என்று அதட்டினார். அந்தக் குரலுக்கு டிராக்டர்களே நின்றுவிடும்.

என் குரலும் ஏறியது. "அதட்டாதீங்க சம்பந்தி. எங்க மேசையில உக்காந்து தேன் சாப்ட்டீங்க. நாளைக்குக் காலையில நீங்களும் பெட்டி மூடியத் தெறந்து அதுங்க முன்னாடி நிக்கணும். இங்க என்ன சொல்றீங்களோ அதோடதான் அங்க போய் நிக்கப்போறீங்க. அத நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

அப்போது என் பக்கத்தில் பெஞ்சு அசைந்தது. லியூதாஸ் எழுந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. தொப்பியைக் கழற்றி, பெட்டி முன்னால் நிற்பதுபோலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரப்போலாசைப் பார்த்தபடி நின்றார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும், சொல்வதற்கு என்ன வெட்கம்.

ரப்போலாஸ் அந்தத் தொப்பியையே பார்த்தார். அவர் கழுத்து சிவந்து, காது சிவந்து, நெற்றி வரை சிவந்தது.

"இல்ல," என்றார். "சொல்லல."

பிறகு பொறியாளர் பக்கம் திரும்பி, ரஷ்ய மொழியில், முழு வாக்கியமாகச் சொன்னார். "அவர்கள் இடமாற்றம் கோரினார்களா என்று கேட்கிறார். கோரவில்லை. நான் படித்தது சரியில்லை."

பொறியாளர் கையிலிருந்த கோப்பைத் தட்டினார். "விண்ணப்பம் இதோ இருக்கிறதே!"

"அத யாரு எழுதுனது?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தோம். பிரானாஸ். மண் வழிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன். ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளைத் தள்ளியவன் அவன்தான். கேட்டுவிட்டானே தவிர, அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது போலிருக்கிறது. எழுந்தவன் உட்காரத் தெரியாமல் நின்றான்.

மார்செலே மறுபடி எழுந்தாள். நான் இன்னொரு வேடிக்கைப் பேச்சு வரப்போகிறது என்று நினைத்தேன். அவள் முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

"ரப்போலாஸ் அண்ணே, நான் கேட்டனா? எங்க வீட்டை இடிக்கச் சொல்லி நான் கேட்டனா? எங்க அம்மா நட்ட பேரி மரத்த வெட்டச் சொல்லி நான் ஒங்ககிட்ட வந்து கேட்டனா?"

ரப்போலாஸ் தலையை மட்டும் அசைத்தார், இல்லை என்று.

அதற்குப் பிறகு சிக்மாசின் துண்டுகளை யாரும் படிக்கவில்லை. குடியிருப்பில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று ஒருத்தி கேட்டாள். போன வருடம் மேட்டு வயலில் பதித்த குழாய் ஏன் மேல்நோக்கி ஓடுகிறது என்று ஒருவர் கேட்டார். சாசேஜில் மாவு ஏன் கலக்கிறார்கள் என்று பால் வண்டிக்காரர் கேட்டார், அதற்குத்தான் பெரிய கைதட்டல். எல்லாம் எங்கள் மொழியில். ஒவ்வொரு வாயாகத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பொறியாளருக்குக் கழுத்தே வலித்திருக்கும். சிக்மாஸ் முதலில் குறித்துக்கொண்டிருந்தவர், பிறகு பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். அன்றைக்கு யாரும் கை தூக்கவில்லை. கை தூக்கச் சொல்ல ஆளும் இல்லை.

அந்த வாரம் சாசேஜ் வரிசையில் கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் மார்செலே. திரும்பிப் பார்த்து, "என்னடி, தெக்கு ஜன்னல்லேர்ந்து காத்து நல்லா வருதா?" என்றாள். எங்கள் முறை வருவதற்குள் சாசேஜ் தீர்ந்துவிட்டது. முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சும்மா விடுவார்களா? நகரத்திலிருந்து தோல் பையோடு ஒருவர் வந்தார். பண்ணை அலுவலகத்தில் என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு விசாரித்தார். லிதுவேனியர்தான், மரியாதையாகத்தான் பேசினார்.

"கூட்டத்துல அப்படிக் கேக்கச் சொல்லி ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"எங்கம்மா."

அவர் பேனாவை எடுத்தார். "ஒங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

"கல்லறையில. எனக்கு ரெண்டு வயசு இருக்கறப்ப சொல்லிக் குடுத்தாங்க. இது என்ன, அது என்ன, அப்பா வந்தாச்சான்னு. ஒங்களுக்கும் ஒங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பாங்களே?"

பேனா அப்படியே நின்றது. அதற்கு மேலும் நிறையக் கேட்டார். நிறையச் சொன்னேன், எல்லாம் மாட்டைப் பற்றியும் பாலைப் பற்றியும். என்னை ஒன்றும் செய்யவில்லை. கறவைப் போட்டியில் ஜெயித்ததற்காகப் பாராட்டுப் பலகையில் மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றினார்கள். அதில் நான் எப்படியும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

ரப்போலாசைத்தான் செய்தார்கள். செப்டம்பரில் தலைவர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நகரத்தில் ஒரு சணல்விதைக் கிடங்கில் வேலை, அடுக்குமாடியில் ஓர் அறை. புதுத் தலைவர் வருவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

போவதற்கு முந்தின நாள், தேனீக்கள் அடங்கும் நேரத்தில், எங்கள் வாசலில் குதிரை வண்டி வந்து நின்றது. வண்டியில் வைக்கோல் பரப்பி அவருடைய தேனீப் பெட்டிகள், வாசல்களைத் துணியால் அடைத்து. ரப்போலாஸ் இறங்கி, வேலிக்கு வெளியிலேயே நின்றார். லியூதாஸ் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். இவரிடம் நான் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்பதா? அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்ததற்கு அவரும் கேட்கவில்லை.

அவர் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"அகோதா," என்றார். "இதுகள இங்க வச்சுக்கலாமா?"

அந்த மனிதர் வாயிலிருந்து, தாளைப் பார்த்துப் படிக்காத ஒரு கேள்வி வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"வைக்கலாம் சம்பந்தி. ஆனா புதுத் தலைவர் வர்றாரு, வரைபடத்துல அந்த நீலக்கோடு இன்னும் அழியல. நாளைக்கு இயந்திரம் வந்தா எங்க பெட்டியோட ஒங்க பெட்டியும் போகும்."

"வரட்டும்," என்றார். "வர்றவன் ஒங்ககிட்ட மட்டும் கேட்டாப் பத்தாது. எங்கிட்டயும் கேக்கணும்ல."

மூவரும் சேர்ந்து பெட்டிகளை லிண்டன் மரங்களின் கீழே இறக்கினோம். லியூதாஸ் துணிகளை எடுத்தார். இரண்டு பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டேன். பிறகு உள்ளே போய் உருளைக்கிழங்கு சாப்பிட்டோம்.

அடுத்த வசந்தத்தில், பனி உருகி மண் இறுகியதும், இயந்திரம் வந்தது. புதுத் தலைவர் வரவில்லை, ஆளை மட்டும் அனுப்பியிருந்தார். அதன் சத்தம் ஓடையைத் தாண்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்து வேலிக்கதவைச் சாத்தி, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். லியூதாஸ் ஒரு பக்கம். குடியிருப்பிலிருந்து மார்செலே ரப்பர் பூட்சோடு வயல் குறுக்கே ஓடி வந்துகொண்டிருந்தாள், வழியெல்லாம் எதையோ திட்டிக்கொண்டு.

இயந்திரம் வேலிக்கு முன்னால் வந்து நின்றது. பிரானாஸ் இன்ஜினை அணைத்தான். அவன் இன்ஜினை அணைத்து நான் பார்த்ததில்லை. வீடு இடிக்கும்போது இறங்கக்கூட மாட்டான். இறங்கினான். மரங்களின் கீழே இருந்த பெட்டிகளைப் பார்த்தான், எங்களுடையவை, பக்கத்தில் ரப்போலாசுடையவை. எண்ணெய் படிந்த தொப்பியைக் கழற்றினான்.

"அக்கா," என்றான். "ஒங்க வீட்டை இடிக்கச் சொல்லிருக்காங்க. ஒங்களுக்குச் சம்மதமா?"

மார்செலே பாதி வயலில் அப்படியே நின்றுவிட்டாள்.

என் அப்பாவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. மார்செலேயிடம் கேட்கவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடமும் கேட்டதில்லை. நான் அவசரப்படவில்லை. நன்றாக மூச்சு விட்டேன், யாரும் கோடு போட்டுக் கொடுக்காத இடத்தில்.

"இல்ல தம்பி. எனக்குச் சம்மதமில்ல."

"சரிக்கா. கேட்டேன், இல்லன்னுட்டாங்கன்னு போய்ச் சொல்லிடறேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினான். இயந்திரம் உறுமிக்கொண்டு திரும்பி, எங்கள் வேலியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் வந்த குழியும் சுற்றிக்கொண்டு போயிற்று, குழாயும் அப்படியே. இன்றைக்கும் அங்கே குழாய் வளைந்துதான் கிடக்கிறது. பனி உருகும் காலத்தில் அந்த வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும். பார்க்க வரும் அதிகாரிகள் எல்லோரும், இந்த இடத்தில் மட்டும் ஏன் நேராகப் போகவில்லை என்று என்னைக் கேட்பார்கள்.

கேட்கட்டும். கேட்டால் சொல்கிறேன்.